மெசின் வந்திட்டுது, படம் வாசிக்கிறவருக்கு ஆர் படிப்பிக்கிறது?

யாழ்ப்பாணத்தில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு ஸ்கான் மெசின் வந்தாலும் அது செய்தி. நாடா வெட்டுவார்கள், மேளம் அடிப்பார்கள், காசு அனுப்பியவர்களின் பெயர் கல்லில் ஏறும். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட சனம் அந்தப் படத்தைப் பகிர்ந்து சந்தோசப்படும். சந்தோசப்படட்டும், மெசின் தேவைதான். ஆனால் அந்த மெசின் தருகிற படத்தை வாசிக்கப்போகும் கதிரியல் நிபுணர் கடைசியாக எப்போது புதிதாக ஒன்றைப் படித்தார்? எங்கே படித்தார்? அவர் எழுதிய ரிப்போர்ட் சரியா பிழையா என்று யாராவது அவருக்குத் திரும்பிச் சொன்னார்களா? இதை நாங்கள் கேட்பதே இல்லை.

நான் டொக்டர் இல்லை. ஸ்கான் ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு கிளினிக் வாங்கில் காத்திருந்த ஆள். அந்த வாங்கில் இருந்து பார்த்தால் ரிப்போர்ட் ஒரு தீர்ப்பு மாதிரி. சத்திரசிகிச்சையா, குளிசையா, "ஒண்டுமில்லை, வீட்ட போங்கோ"வா என்பதை அந்த அரைப்பக்க ஆங்கிலம்தான் முடிவு செய்கிறது.

அதிலும் வயிறும் அடிவயிறும் சிக்கலான இடம். எலும்பு முறிந்தால் படத்தில் பெரும்பாலும் கோடு தெரியும். வயிற்றுக்குள் ஈரல், பித்தப்பை, சதையி, குடல், கருப்பை, சூலகம் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். குடல் வாயு வேறு மறைக்கும். அல்ட்ராசவுண்ட் என்றால் பிடிக்கிற கையின் பழக்கத்தில்தான் பாதி ரிப்போர்ட் இருக்கிறது. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் கூட்டாளிகளும் 1958 இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையே வயிற்றுக் கட்டிகளைப் பற்றியதுதான். இரைப்பைப் புற்றுநோய், இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் அவர்கள் ஒலியலையால் பார்த்தபோது தெரிந்தது பெரிய சூலகக் கட்டி. அதை வெட்டி எடுத்தார்கள், அந்தப் பெண் பிழைத்தார். பிழையாகக் கணித்த ஒரு வயிற்றைத் திருத்தியதில்தான் இந்தத் துறையே பெயர் எடுத்தது.

அதற்குப் பிறகு அறிவு நின்ற இடத்தில் நிற்கவில்லை. புரஸ்டேட் சுரப்பியின் எம்.ஆர்.ஐ. படத்துக்குப் புள்ளி போடும் பை-ராட்ஸ் முறை 2012 இல் வந்தது, 2015 இல் மாறியது, 2019 இல் திரும்பவும் மாறியது. சூலகக் கட்டியை அல்ட்ராசவுண்டில் தரம்பிரிக்கும் ஓ-ராட்ஸ் முறை 2020 இல் வந்தது. நேர்குடல் புற்றுநோயில், வெட்டும் விளிம்பு வரை நோய் போயிருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. முன்கூட்டியே சொல்லும் என 2006 இல் மெர்குரி ஆய்வு காட்டியது. முதலில் கத்தியா, முதலில் கதிர்வீச்சா என்பதை இன்றைக்கு அந்தப் படத்தை வைத்துத்தான் பேசுகிறார்கள். 2010 இல் எம்.டி. முடித்த ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், இதில் பாதி அவருடைய பாடத்திட்டத்தில் இருந்திருக்காது.

ஒரு நோயை மட்டும் எடுத்துப் பார்ப்போம். எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற இழையம் வெளியே சூலகத்திலும் குடலிலும் வளர்கிற நோய். மாதவிடாய் வந்தால் எழும்ப ஏலாமல் கிடக்கிற பிள்ளைக்கு எங்கட வீடுகளில் என்ன சொல்லுவினம்? "எல்லாருக்கும் வாறதுதானே, கலியாணம் கட்டினால் சரியாப் போகும்." பிறகு ஒரு நாள் ஸ்கான். ரிப்போர்ட்டில் எல்லாம் சாதாரணம். அதோடு அந்தப் பிள்ளையின் வலி பொய்யாகிவிடும். உண்மை என்னவென்றால், சூலகத்தில் இருக்கும் கட்டி வழமையான ஸ்கானிலேயே தெரியும். ஆழத்தில், கருப்பைக்குப் பின்னால் குடலோடு ஒட்டிக் கிடப்பது தேடிப் போகிறவருக்குத்தான் தெரியும். எப்படித் தேடுவது, எந்த ஒழுங்கில் பார்ப்பது, கருப்பையும் குடலும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிறதா என்று எப்படிச் சோதிப்பது என்பதை ஒரு சர்வதேச நிபுணர் குழு 2016 இல்தான் முறைப்படுத்தி எழுதியது. வயிற்றில் துளையிட்டுப் பார்த்தால்தான் இந்த நோயை உறுதிப்படுத்தலாம் என்ற பழைய நிலைப்பாட்டை ஐரோப்பிய வழிகாட்டி 2022 இல் கைவிட்டது. படமே போதுமான சான்று ஆகலாம் என்கிறது. அப்படியென்றால் படம் வாசிக்கிறவரின் தோளில் எவ்வளவு பாரம் ஏறியிருக்கிறது என்று யோசியுங்கள்.

இந்த முறைகள் எல்லாம் பெரும்பாலும் யோனி வழியாகச் செய்யும் ஸ்கானை நம்பி எழுதப்பட்டவை. எங்கள் ஊரில் கலியாணம் கட்டாத பிள்ளைக்கு அதைச் செய்ய டொக்டரும் தயங்குவார், தாயும் விடமாட்டார், பிள்ளையிடம் பெரும்பாலும் யாரும் கேட்கவே மாட்டார்கள். தண்ணியைக் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு வயிற்றுக்கு மேலால் பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடும். அந்தப் பார்வைக்கு எல்லை இருக்கிறது. அப்போது வேறு வழி என்ன, எந்தக் கட்டத்தில் எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும், மலவாசல் வழியாகப் பார்ப்பதை எப்படி விளங்கப்படுத்திச் சம்மதம் வாங்குவது? வியன்னாவில் நடக்கும் மாநாட்டில் இந்தக் கேள்விக்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள். இங்கே, தமிழில் நோயாளியோடு கதைக்கிறவர்கள் கூடி இருந்துதான் இதற்கு விடை தேட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. எங்களிடம் மற்றவைக்குக் கற்பிக்கவும் சரக்கு இருக்கு. அமீபாவால் ஈரலில் சீழ்க்கட்டி வருவது மேற்கத்தேயப் பாடநூல்களில் ஒரு சின்னப் பந்தி. குடாநாட்டில் அது வார்டில் நித்தம் காணக்கூடிய நோயாக இருந்திருக்கிறது. கள்ளுக் குடிக்கும் ஆண்களோடு அதற்கு உள்ள தொடர்பை யாழ் பல்கலைக்கழக மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம் மெலியோய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பக்டீரியாவால் வருவது. இலங்கையில் இது பரவலாக இருக்கிறது என்பது கடந்த இருபது வருடத்துக்குள்தான் தெளிவானது. அதுவும் ஈரலில் கட்டி போடும், தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரியலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஸ்கானில் அதைப் பார்த்தவுடன் சந்தேகப்பட ஒருவர் இருந்தால் நோயாளி சரியான மருந்துக்கு வேளைக்குப் போவார். இந்தப் படங்களைச் சேர்த்து, முடிவு என்ன ஆனது என்பதையும் எழுதி வைத்தால், அது உலகத்துக்கே பாடம்.

சரி, தொடர்கல்வி என்றால் இப்போது என்ன நடக்கிறது? கொழும்பில் கருத்தரங்கு, இணையத்தில் விரிவுரை. 2006 ஓகஸ்டில் ஏ9 மூடப்பட்ட பிறகு ஒருநாள் கருத்தரங்குக்குக் கொழும்பு போவதே பெரும் போராட்டமாக இருந்தது. இப்போது பாதை திறந்து கிடக்கிறது, ஆனாலும் 400 கிலோமீற்றர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நிபுணர் இரண்டு நாள் போனால் இங்கே லிஸ்ட் இரண்டு நாள் நிற்கும். இணைய விரிவுரை அந்தத் தூரத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் நாள் முழுக்க அரச ஆஸ்பத்திரி, பின்னேரம் தனியார் நிலையம், அதுக்குப் பிறகு இரவு பத்து மணிக்கு விரிவுரை கேட்கிற மனிசனின்ர மண்டையில் என்ன நிற்கும்?

புள்ளி முறையும் எனக்குப் பெரிய நம்பிக்கை தரவில்லை. பிரித்தானியக் கதிரியல் கல்லூரி ஐந்து வருடத்துக்கு 250 புள்ளி கேட்கிறது. இந்தியாவின் 2002 ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிகள் ஐந்து வருடத்துக்கு 30 மணித்தியாலம் என்கின்றன. கட்டாயம் இல்லாவிட்டால் பலர் அசையமாட்டார்கள் என்பது விளங்குது. ஆனால் கையெழுத்து வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டோடு வெளிக்கிடுகிற கருத்தரங்குகளை எல்லாருக்கும் தெரியும்.

படம் வாசிக்கிறவருக்குப் படிப்பிக்கிற முதல் ஆசான் அவருடைய சொந்த ரிப்போர்ட்தான். லியோ கார்லண்ட் என்ற கதிரியல் மருத்துவர் 1949 இலேயே காட்டினார்: நோய் உள்ள நெஞ்சுப் படங்களைத் தேர்ந்த நிபுணர்களிடம் கொடுத்தபோது ஏறத்தாழ 30 வீதத்தில் நோய் தவறவிடப்பட்டது. சோம்பேறிகள் என்றில்லை, மனிதக் கண் அப்படி. சத்திரசிகிச்சை நிபுணர் வயிற்றைத் திறக்கும்போது ஸ்கானில் சொன்னது இருந்ததா இல்லையா என்பது அவருக்குத் தெரியும். இழையத்தைச் சோதித்த நோயியலாளருக்கும் தெரியும். ஸ்கான் வாசித்தவருக்கு மட்டும் பெரும்பாலும் தெரியாது. அடுத்த நோயாளிக்கும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். பிரித்தானியாவில் கதிரியல் பிரிவுகள் இதற்கென்றே ஒழுங்காகக் கூடுகின்றன. முதலில் "முரண்பாட்டுக் கூட்டம்" என்று வைத்திருந்த பெயரைப் பிறகு கற்றல் கூட்டம் என்று மாற்றினார்கள். பெயர் மாற்றம் சின்ன விசயம் இல்லை, குற்றப்பத்திரிகை வாசிக்கிற இடத்துக்கு ஒருவரும் மனம் விட்டு வரமாட்டார்கள்.

இங்கே அதற்கு வேண்டியது எல்லாம் அரை மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கிறது. பெரியாஸ்பத்திரி, 1978 இல் தொடங்கிய மருத்துவ பீடம், 2011 இல் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நடந்து சேர்த்த காசில் எழும்பி 2013 இல் திறந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரி. மானிப்பாயும் பக்கத்தில்தான். 1847 இல் வந்த சாமுவேல் கிறீன் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவம் படிப்பித்தார், 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' என்று பாடநூல்களைத் தமிழாக்கினார். அவர் இறந்து பதினொரு வருடம் கழித்துத்தான் எக்ஸ்ரேயே கண்டுபிடிக்கப்பட்டது.

ஒரு நியாயமான எதிர்ப்பு வரும் என்று தெரியும். ஊர் சின்னது. கூட்டத்தில் பெயரை மறைத்துப் படத்தைக் காட்டினாலும், எழுதின நடையை வைச்சே ஆர் எண்டு கண்டுபிடிச்சிடுவினம். நாளைக்குச் சந்தையில கதை வரும், வழக்கும் வரலாம். அதனால்தான் மட்டக்களப்பு, வவுனியா நிபுணர்களையும் சேர்த்துப் படங்களைக் கலந்து போட வேண்டும் என்கிறேன். புலத்தில் இருக்கிற எங்கட கதிரியல் டொக்டர்மாரும் வரலாம். லண்டனில் சனி காலை ஒன்பது மணி என்றால் இங்கே பின்னேரம் ஒன்றரை, மாரியில் இரண்டரை. மாதத்தில் ஒரு சனி போதும். மெசினுக்குக் காசு சேர்க்கிற சங்கங்கள் அதே கையோடு அந்த ஒரு மணித்தியாலத்தையும் கேட்டு வாங்கித் தரலாம், கல்வெட்டில் பெயர் வராது என்பதுதான் இடைஞ்சல்.

நிர்வாகம் செய்ய வேண்டியது இரண்டு. அந்த மணித்தியாலத்தை வேலை நேரமாகவே கணக்கில் வைத்து, அந்த நேரத்துக்கு லிஸ்ட் போடாமல் விட வேண்டும். மற்றது இன்னும் மலிவானது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் இழையப் பரிசோதனை ரிப்போர்ட் வார்டுக்குப் போகிறது, நோயாளியின் கோப்புக்குப் போகிறது. அதில் இன்னொரு பிரதி எடுத்து, ஸ்கான் வாசித்தவரின் மேசைக்கும் அனுப்பட்டும்.