ஆசிரியரும் ஒரு புது மாணவரே

அமெரிக்க நடுநிலைப்பள்ளிகளுக்குப் பாடம் நடத்தப் போகும் நம்மவர்கள் முதலில் சொல்லும் குறை, அங்குள்ள பிள்ளைகளுக்கு மரியாதை தெரியவில்லை என்பதே. ஆசிரியர் நுழைந்தால் யாரும் எழுந்து நிற்பதில்லை. எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்கிறார்கள்.

இதை மரியாதைக் குறைவு என்று கொள்வது சரியல்ல. அங்கே முறையே வேறு. நம் ஊரில் மாணவர்கள் அமர்ந்திருக்க, ஆசிரியர் வகுப்பு மாறிச் செல்வார்; அங்கே பெரும்பாலும் ஆசிரியர் தம் அறையிலேயே இருக்க, மணி அடித்ததும் மாணவர்கள் மாறுகிறார்கள். மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பது நமக்குப் பழக்கம். அங்கே 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அந்தரங்கமாகக் காக்கச் சொல்கிறது. குறைபாடுள்ள பிள்ளைக்கு, 1975-இல் வந்த சட்டத்தின்படி, தனிக் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஆசிரியர் அதைப் பின்பற்றியே ஆகவேண்டும். இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் அங்கே முதல் நாள் மாணவர்தான்.

பரிமாற்ற விசாவில் செல்பவருக்கு மூன்று ஆண்டு, நீட்டித்தால் ஐந்து. அவரை வரவழைக்கும் அமைப்பு அந்நாட்டு வழக்கங்களை விளக்கிச் சொல்லவேண்டும் என்று விதியும் இருக்கிறது. இது நல்ல விதி. கடல் கடந்து போகிறவருக்கு மட்டும்தானா இது தேவை?

நமக்குப் பக்கத்திலுள்ள ஹனூரையே பாருங்கள். கொள்ளேகால் பகுதியைச் சேர்ந்த அவ்வூர் 1956 வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. பின்னர் மைசூர் மாவட்டத்திலும், 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் சேர்ந்தது. எல்லைக்கோடு நகர்ந்தது, வீட்டுமொழி நகரவில்லை. மாதேஸ்வரன் மலைப் பக்கத்துக் கிராமங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள், காட்டோரத்தில் சோலிகர், ஒடெயர்பாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு. வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வரும் கன்னட ஆசிரியருக்கு இதுவும் ஒரு வெளிநாடுதான்.

நம் வீட்டுப் பிள்ளைக்குச் 'சாலை' என்றால் தெரு. ஆசிரியருக்குச் 'சாலெ' என்றால் பள்ளிக்கூடம். நம் 'பள்ளி' அவர் காதில் 'ஹள்ளி', அதாவது கிராமம், என்று விழலாம். பிள்ளை திகைத்து நின்றால் மந்தம் என்று பெயர் விழுகிறது. ஆனால் பால் 'ஹாலு', பத்து 'ஹத்து', போ 'ஹோகு' என்று பகரம் ஹகரமாகும் வழியை ஆசிரியர் பத்து நிமிடம் விளக்கினால், அதே பிள்ளை ஐம்பது சொற்களைத் தானே கண்டுபிடிக்கும். வீட்டுமொழியைத் தடையாக நினைப்பவருக்கு அது தடை. படியாக நினைப்பவருக்குப் படி.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்கவேண்டும் என்கிறது. பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடுக்கிறது. சட்டம் இருந்தால் போதாது. ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமலே ஓராண்டைக் கழித்தால், அடுத்த ஆண்டு பள்ளியைவிட ஆடு மேய்ப்பதும் கூலி வேலையும் அதற்கு எளிதாகத் தோன்றும். இழப்பு அங்கேதான்.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள். எல்லைப்புறப் பள்ளிக்கு வரும் ஆசிரியருக்கு, அங்குள்ள பிள்ளைகளின் மொழியையும் வாழ்க்கையையும் அறிமுகம் செய்யும் சில நாள் பயிற்சியைக் கல்வித்துறை தரவேண்டும். அடுத்தது நமக்கு. ஆசிரியருக்குத் தமிழ் தெரியாது என்று பெற்றோர் ஒதுங்கி நிற்காமல், ஜூன் மாதத்திலேயே சென்று பார்த்து, பிள்ளை வீட்டில் எம்மொழியில் எண்ணுகிறது, எதற்குப் பயப்படுகிறது என்று சொல்லவேண்டும். அரைகுறைக் கன்னடமே போதும். வேற்றூருக்கு வந்து நிற்பதன் சங்கடம், பிழைக்க வந்த நமக்குத் தெரியாதா? வந்த ஆசிரியரை முதலில் வரவேற்க வேண்டியவர்கள் நாம்தான்.