உக்ரேன் நாட்டு விருந்து

வேற்றுநாடு காணச் செல்வோருள் பெரும்பாலோர் மாளிகைகளையும் கோயில்களையும் பொருட்காட்சிச் சாலைகளையும் கண்டு மீள்வர். உணவைப் பற்றி அவர்கட்குள்ள கவலை இரண்டே. உண்பது உடலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது ஒன்று. ஊர் திரும்பியபின் நண்பரிடம் சொல்லிப் பெருமை கொள்ளத் தக்கதா என்பது மற்றொன்று. உக்ரேன் நாட்டுக்குச் சென்ற பயணிகள் பலரும் தலைநகராகிய கீவின் பெயர் தாங்கிய கோழி உணவையே தேடி உண்டனர். வெண்ணெயை உள்ளே பொதிந்து சுருட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்தெடுத்த பண்டம் அது. சுவையில் குறைவில்லை, ஆயினும் அஃது உணவு விடுதிகளில் புகழ்பெற்றதேயன்றி, உழவர் இல்லத்து நாட்பட்ட உணவன்று. அம்மக்களை அறிய விரும்புவோன் கேட்டுப் பெறவேண்டியவை போர்ஷ் என்னும் சாறும் ரொட்டியுமே ஆகும்.

போர்ஷ் செந்நிறமானது. பீட்ரூட் கிழங்கு அதற்கு நிறம் தரும். முட்டைக்கோசு, வெங்காயம், காரட், உருளைக்கிழங்கு, அவரை முதலியன அதனுள் வேகும். இறைச்சி எலும்பை இட்டுக் காய்ச்சுவோர் உளர். நோன்பு நாள்களில் காளானையே இடுவர். புளிப்பின்றேல் போர்ஷ் இல்லை. அப்புளிப்பைப் பெறப் பீட்ரூட் துண்டங்களை நீரில் ஊறவிட்டுப் புளிக்கச்செய்து, அந்நீரைச் சாற்றில் வார்ப்பது பழைய முறை. அதற்கும் முற்காலத்தில் போர்ஷ் என்பது ஒருவகைக் காட்டுச் செடியின் பெயராக இருந்தது என்றும், அதன் தழையைப் புளிக்கவைத்துச் சாறு காய்ச்சினர் என்றும் அறிஞர் கூறுவர். செடி மறைந்தது, பெயர் நின்றது, பீட்ரூட் அவ்விடத்தைப் பற்றிக்கொண்டது. இன்று பெரும்பாலான சட்டிகளில் இடம்பெறும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து பிற்காலத்தில் வந்தவை. மரபு என்பது என்றும் மாறாதது என வாதிடுவோர் இச்சட்டியை ஒருமுறை உற்றுநோக்குதல் நன்று.

கிண்ணத்தில் ஊற்றியபின் மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடும் சிறிது சதகுப்பைத் தழையும் இடுவர். பூண்டுச் சாறு தடவிய சிறு ரொட்டிகள் உடன் வரும். இவற்றைப் பம்புஷ்கி என்பர். பொல்தாவாப் பகுதியில் மாவுருண்டைகளை இதனுள் இடுவர். மேற்குப் பகுதியினரோ கிறிஸ்து பிறப்புக்கு முதல்நாள் இரவில், காளானை உள்ளே வைத்துச் செவி வடிவாக மடித்த சிறு பண்டங்களை மிதக்கவிடுவர். சமைத்த நாளினும் மறுநாளே சுவை மிகும் என்பது இல்லத்தரசியர் துணிபு.

இச்சாறு எந்நாட்டாருக்கு உரியது என்பது பற்றி ஒரு பூசல் உண்டு. உருசியரும் போலந்து நாட்டாரும் பிறரும் இதனைத் தத்தம் இல்லங்களில் சமைத்து வருகின்றனர். ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு நிறுவனம் உக்ரேனியர் போர்ஷ் சமைக்கும் பண்பாட்டை, உடனே காக்கப்படவேண்டிய மரபுகளின் பட்டியலில் 2022 சூலை 1ஆம் நாள் சேர்த்தது. அவ்வாண்டு பிப்ரவரி 24ஆம் நாள் தொடங்கிய உருசியப் படையெடுப்பால் மக்கள் ஊரையும் தோட்டத்தையும் விட்டு நீங்க நேர்ந்ததே அவ்விரைவுக்குக் காரணம். ஒருவர்க்கு மட்டுமே உரிமை வழங்கும் பட்டயம் அன்று அது. சாறு பலர்க்கும் பொதுவாயினும், அதனைச் சமைக்கும் அடுப்பு ஒவ்வோர் இல்லத்துக்கும் தனி. பீட்ரூட் விளைந்த தோட்டம் குண்டுக்கு இரையாயின், பேத்திக்குக் கற்பிக்கும் பாட்டி அகதியாயின், காக்கவேண்டியது யாது என்பது விளங்கும். பூசலிடுவோர் இதனை மறந்து பெயருக்காகப் போராடுகின்றனர்.

பிற பண்டங்களுள் வரேனிக்கி சிறந்தது. கோதுமை மாவை மெல்லியதாகத் தேய்த்து, உருளைக்கிழங்கையோ பால்கட்டியையோ செர்ரிப் பழத்தையோ உள்ளே வைத்து மடித்து நீரில் வேகவைப்பர். பொல்தாவாப் பகுதியில் 1809இல் பிறந்த கோகோல், தம் கதையொன்றில், வரேனிக்கி தாமாகவே எழுந்து பாலேட்டில் புரண்டு ஒருவன் வாயினுள் பாய்வதாகப் புனைந்துள்ளார். சோம்பேறிகட்கு இதனினும் இனிய கனவு இராது! கார்ப்பாத்திய மலைவாழ் மக்கள் மக்காச்சோள மாவைப் பாலேட்டில் கிண்டி, ஆட்டுப்பால் கட்டியைத் தூவி உண்பர். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பின்மீது அந்நாட்டார்க்குள்ள பற்றைக் குறித்து அவர்களே நகையாடுவர்.

ஊன் உண்ணாதவர் இவற்றைக் கேட்டு அஞ்சவேண்டுவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முதல்நாள் இரவு மேசைமீது வைக்கப்பெறும் பன்னிரண்டு உணவுகளிலும் இறைச்சி இராது. மீன் இடம்பெறுதல் உண்டு. முதலில் உண்பது குத்தியா. வேகவைத்த கோதுமையுடன் தேனும் கசகசாவும் கலந்தது அது. இறந்துபோன முன்னோர்க்கென அதில் ஒரு பங்கை இரவெல்லாம் வைத்திருத்தலும் வழக்கம். இவ்விழாவை முன்பு சனவரி 7இல் கொண்டாடிய உக்ரேன் அரசு, 2023 முதல் திசம்பர் 25க்கு மாற்றியது. நாள் மாறிற்று, குத்தியா மாறவில்லை. அன்று பருகுவது உஸ்வார். உலர்ந்த ஆப்பிள், பேரி, பிளம் ஆகியவற்றைக் கொதிக்கவைத்து ஆறவிட்ட நீர். கோடைக்கு ஏற்றது ரொட்டியைப் புளிக்கவைத்துப் பெறும் குவாஸ். ஹொரில்கா என்னும் மதுவைப் பற்றியே பயணிகள் மிகுதியாக எழுதுவர். உஸ்வாரைப் பற்றி எழுதுவோர் சிலரே. இது பயணிகளின் குறையேயன்றி உஸ்வாரின் குறையன்று.

இனி ரொட்டி. உக்ரேன் கரிசல் மண் நிறைந்த நாடு. அதன் கோதுமை பன்னாடுகட்கும் கப்பலேறிச் செல்வது. விருந்தினர் வரின் பூத்தையல் இட்ட துண்டின்மேல் ரொட்டியையும் உப்பையும் ஏந்தி வரவேற்பர். வந்தவர் ஒரு துண்டு பிய்த்து உப்பில் தொட்டு உண்ணுதல் முறை. திருமணத்துக்கென மாவாலேயே பூவும் பறவையும் செய்து அழகுபடுத்திய பெரிய ரொட்டியும் உண்டு. கீழே விழுந்த ரொட்டியை எடுத்து முத்தமிடும் முதியோரைக் கண்டு அயலார் வியப்பர். சிலர் நகைக்கவும் கூடும்.

நகைப்போர் 1932, 1933ஆம் ஆண்டுகளின் வரலாற்றை அறியாதவர். சோவியத்து அரசு அந்நாட்டு உழவரின் தானியத்தை எல்லாம் பறித்துச் சென்றது. 1932 ஆகசுட்டு 7இல் இயற்றிய சட்டம், கூட்டுப்பண்ணை வயலிற் சிதறிய கதிர்களைப் பொறுக்கியவரையும் கள்வரெனக் கொண்டு, மரணமோ பத்தாண்டுச் சிறையோ விதிக்க இடந்தந்தது. மக்கள் அதனை ஐந்து கதிர்ச் சட்டம் என்று அழைத்தனர். கரிசல் மண்ணில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பசியால் மாண்டனர். அக்கொடுமையை அவர்கள் ஹொலொதொமோர் என்பர். பட்டினியால் கொல்லுதல் என்பது பொருள். கீவ் நகரின் நினைவிடத்தில் மெலிந்த சிறுமி ஒருத்தி கோதுமைக் கதிர்களை மார்போடு அணைத்து நிற்கும் சிலை உள்ளது. ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காம் சனிக்கிழமை மாலையில் இல்லந்தோறும் சாளரங்களில் மெழுகுதிரி ஏற்றுவர். அத்தகையோர் மேசையில் ரொட்டியைப் பாதி உண்டு பாதி எறியும் பயணி, எத்துணைப் பொன் கொடுத்திருப்பினும், அவ்வில்லத்தாரை வருத்தியவனே ஆவான்.

2022க்குப் பின் பல இலட்சம் உக்ரேனியர் அயல்நாடுகளிற் புகலடைந்தனர். ஆகவே அவ்வுணவை அறிய விரும்புவோர் உக்ரேனுக்கே செல்லவேண்டும் என்பதில்லை. போலந்திலும் செருமனியிலும் அவர்கள் இல்லங்களில் அதே செஞ்சாறு கொதிக்கிறது. நாட்டில் தங்கிவிட்ட பெண்டிரோ, பீட்ரூட்டையும் முட்டைக்கோசையும் காரட்டையும் மெல்லிய கீற்றுகளாக அரிந்து உலர்த்திச் சிறு பொட்டலங்களாகக் கட்டிப் போர்முனைக்கு அனுப்பினர். அங்கே பதுங்குகுழியில் இருக்கும் மறவன் ஒரு குவளை வெந்நீரை ஊற்றிச் சிறிது நேரம் மூடி வைத்தால் போர்ஷ் ஆகிவிடும்.