ஆத்தா சொல்லட்டும், நாம் எழுதுவோம்

ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ள வந்து உட்காருகிறார். அவர் முன்னால் நாம் எதை வைக்கிறோம்? அணில், ஆடு, இலை, ஈ! நாற்பது வருஷம் ஆடு வளர்த்து, அந்தக் காசில் மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தவரிடம் ஆட்டுப் படத்தைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க" என்றால் எப்படி இருக்கும்? பலருக்குக் கூச்சம்தான் வரும். நாலாம் நாள் "முட்டி வலிக்குதும்மா" என்று நின்றுவிடுவார். நாமும் வயசாகிவிட்டது, மண்டையில் ஏறாது என்று முடிவுகட்டிவிடுவோம்.

அவருக்கு மண்டையில் ஏற வேண்டியது எழுத்து மட்டும்தான். மொழி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது, கதையும் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃபிரெய்ரே என்ற ஆசிரியர் 1963-ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் இதைச் செய்து காட்டினார். சுமார் 300 தொழிலாளர்கள், 40 மணி நேர வகுப்பு. முதலில் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிய பேச்சு, அதிலிருந்து சொல், அப்புறம்தான் எழுத்து. அவர் முறையில் புகழ்பெற்ற சொல் 'திஜோலோ'. செங்கல் என்று பொருள். அதில் வரும் 'தி'யைப் பிடித்துக்கொண்டு அதன் குடும்பம் முழுவதையும் சொல்லித்தருவார். நம்முடைய க, கா, கி, கீ வரிசை மாதிரியேதான்! செங்கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வீடு, கூலி, முதலாளி எல்லாம் பேச்சில் வந்துவிடுமே. 1964-ல் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அவரைச் சிறையில் போட்டது. எழுத்து சொல்லித்தந்தவரைக் கண்டு அவ்வளவு பயம்.

நம் புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் பாட்டும் வீதி நாடகமுமாகப் போனதையும், பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் ஓட்டக் கற்றதையும் மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் வேலை முடிந்துவிடவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பெண்களின் எழுத்தறிவு சுமார் 73 சதவீதம். மீதிப் பேர் யாரோ எவரோ அல்ல. வங்கியில் நம்மிடம் சலானை நீட்டி, "கொஞ்சம் எழுதித் தா கண்ணு" என்கிறார்களே, அவர்கள்தான்.

வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். அவரை ஒரு சம்பவம் சொல்லச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை, அவர் சொன்னபடியே, பெரிய எழுத்தில் எழுதுங்கள். 'கம்மாயில தண்ணி வத்துனப்ப எனக்குப் பன்னெண்டு வயசு.' விரலை வைத்துச் சேர்ந்து படியுங்கள். அடுத்து என்ன வரும் என்பது அவருக்கு மனப்பாடம். அதனால் கண்ணுக்கு ஒரே வேலைதான்: இந்த ஒலிக்கு இந்த வடிவம் என்று பொருத்திப் பார்ப்பது. பிறகு 'கம்மாய்' என்ற சொல்லை உடைத்து எடுங்கள். 'மா'விலிருந்து மாமா வருவார். 'க'வுக்குக் கால் போட்டால் காய் வரும்.

இந்த இடத்தில்தான் படித்தவர்களுக்குக் கை அரிக்கும். 'வத்துனப்ப' என்பதை 'வற்றியபோது' என்று திருத்தத் தோன்றும். திருத்தாதீர்கள். அவர் வாய் ஒன்று சொல்லும், தாள் வேறொன்று சொல்லும். எழுத்தின் மேலேயே நம்பிக்கை போய்விடும். பேச்சு வழக்கை எழுதினால் தமிழ் கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தபின் பாடநூல் தமிழ் தானாகப் பின்னால் வரும். கதை மட்டும் போதும் என்றும் சொல்லவில்லை. பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, கையெழுத்து எல்லாம் வேண்டும். பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், பேரப்பிள்ளை பெயர் என்று கதைக்குள் வந்ததை முதலில் எடுத்துக்கொண்டால் அதுவும் சுலபம்.

ஒரு எச்சரிக்கை. பேசப் பேச, கேட்டிராத விஷயங்கள் வெளியே வரலாம். பசியாக இருந்த வருஷம், இழந்த குழந்தை, அடிவாங்கிய நாள். "இதை எழுதாதே" என்றால் பேனாவை மூடிவிடுங்கள். அந்த நோட்டு அவருடையது; அவரைக் கேட்காமல் அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட நமக்கு உரிமை இல்லை.