கோபத்துக்கு என்ன கிரேடு?

கணக்கில் 40 மார்க் என்றால் டியூஷன் வைக்கலாம். கோபத்தைக் கையாள்வதில் 'சி' கிரேடு என்றால்? 2009-ல் சி.பி.எஸ்.இ. கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டு முறை உணர்ச்சித் திறனுக்கும் கிரேடு போடச் சொன்னது. 40 பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொரு மனதையும் எடைபோட ஆசிரியருக்கு ஏது நேரம்? 2017-ல் வாரியமே அந்த முறையைக் கைவிட்டது.

6 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு இப்போது இன்னொரு முயற்சி. என்.சி.இ.ஆர்.டி.யின் 'பரக்' அமைப்பு தயாரித்த முழுமை முன்னேற்ற அட்டையில் மாணவர் தன்னைத்தானே மதிப்பிடுகிறார். சக மாணவரும் மதிப்பிடுகிறார். யோசனை நல்லதுதான். ஆபத்து, முத்திரையில் இருக்கிறது. 'இவன் கண்ணால் கற்பவன், அவள் காதால் கற்பவள்' என்று பிரித்துப் பாடம் நடத்தப் போதிய ஆதாரமில்லை என்று 2008-லேயே அமெரிக்க உளவியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். 12 வயதுப் பிள்ளையின் சுபாவமோ மாதத்துக்கு மாதம் மாறும்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018-ல் தொடங்கிய மகிழ்ச்சி வகுப்புக்குத் தேர்வே வைக்கவில்லை. அதில் ஒரு பாடம் இருக்கிறது. அட்டையைப் பார்த்த ஆசிரியர், "என்னப்பா ஆச்சு?" என்று பிள்ளையைக் கேட்டால் அது மதிப்பீடு. கேட்காவிட்டால் இன்னொரு ரேங்க் கார்டு.