வெள்ள மீட்பு: இங்கிலாந்துச் சட்டம் விட்டுவைத்த கடமை



இங்கிலாந்தில் தீயை அணைப்பது தீயணைப்புப் படையின் சட்டக் கடமை. சாலை விபத்தில் நசுங்கிய காருக்குள் சிக்கியவரை வெளியே எடுப்பதும் சட்டக் கடமைதான். வெள்ளம் புகுந்த வீட்டில் அகப்பட்டவரை மீட்பது மட்டும் அப்படி அல்ல. தீயணைப்பு, மீட்புப் பணிகளுக்கான 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு தீயைப் பற்றியும் 8ஆம் பிரிவு சாலை விபத்தைப் பற்றியும் பேசுகின்றன. 9ஆம் பிரிவின் கீழ் 2007இல் பிறப்பிக்கப்பட்ட ஆணை ரசாயன, உயிரியல், கதிரியக்க ஆபத்துகளையும், கட்டடம் இடிந்து விழுதல், ரயில், விமான விபத்துகள் போன்றவற்றையும் கடமைப் பட்டியலில் சேர்த்தது. வெள்ளத்துக்கு அதில் இடம் தரப்படவில்லை. 11ஆம் பிரிவு தரும் பொதுவான அதிகாரத்தின்படி, படை விரும்பினால் வெள்ளத்துக்குப் போகலாம் என்பதே இன்றைய நிலை.

ஐக்கிய முடியரசின் மற்ற மூன்று நாடுகளும் இந்தக் குறையை நீக்கிவிட்டன. ஸ்காட்லாந்து 2005ஆம் ஆண்டு ஆணையாலும், வட அயர்லாந்து 2012 முதலும், வேல்ஸ் 2017 முதலும் வெள்ள மீட்பைத் தீயணைப்புப் படையின் கடமையாக்கியுள்ளன. வேல்ஸின் கார்டிஃபில் வெள்ளத்தில் சிக்கியவருக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு, லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ ஹாரோவிலோ சிக்கியவருக்கு இல்லை. ஒரே கொடியின் கீழ் வாழும் மக்களிடையே உயிர் காக்கும் விஷயத்தில் இப்படியொரு வேறுபாடு இருப்பது அநீதி.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியது எதிர்க்கட்சியோ தொழிற்சங்கமோ மட்டும் அல்ல, அரசே நியமித்த ஆய்வும்தான். மேற்சொன்ன ஆணை வந்த அதே 2007ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தில் பெருவெள்ளம் வந்தது. 13 பேர் இறந்தனர். ஏறத்தாழ 55,000 வீடுகளிலும் கடைகளிலும் தண்ணீர் புகுந்தது. அதை ஆராய்ந்த சர் மைக்கேல் பிட் 2008இல் 92 பரிந்துரைகளை அளித்தார். முழு நிதியுடன் தேசிய அளவில் வெள்ள மீட்பு ஏற்பாடு வேண்டும், அதைத் தீயணைப்புப் படைகள் முன்னின்று நடத்த வேண்டும், தேவையானால் சட்டக் கடமையும் ஆக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்குப் பிறகு தொழிற்கட்சி, கூட்டணி, கன்சர்வேடிவ், மீண்டும் தொழிற்கட்சி என்று ஆட்சிகள் மாறிவிட்டன. இங்கிலாந்தில் அந்தக் கடமை மட்டும் இன்னும் சட்டமாகவில்லை.

லண்டனில் வெள்ளம் என்றதும் பலரும் தேம்ஸ் நதியையும் அதன் தடுப்பணையையும்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்குக் காரணம் உண்டு. 1928 ஜனவரியில் நதி கரையை உடைத்து வந்தபோது 14 பேர் இறந்தனர். 1953இல் வட கடல் பொங்கியபோது இங்கிலாந்தில் 307 பேர் மாண்டனர். அதன் விளைவாக எழுந்த தேம்ஸ் தடுப்பணை 1984இல் முறைப்படி திறக்கப்பட்டது. ஆனால் இன்று லண்டன்வாசிகளை அதிகம் தாக்குவது நதி வழி வரும் வெள்ளம் அல்ல. மழை நேராகத் தெருவில் இறங்கி, வடிய வழியில்லாமல் வீட்டுக்குள் நுழைகிறது. நகரின் பெரும் பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. அதன் முதுகெலும்பு 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் பசல்ஜெட் அமைத்த சுரங்கக் குழாய்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு மாத மழை கொட்டினால் குழாய் நிரம்பி வழியும். தண்ணீர் தாழ்ந்த இடத்தைத் தேடும். பேஸ்மென்ட் வீட்டின் கழிப்பறை வழியே கழிவுநீர் எதிர்த்து மேலே வரும். இது எங்கோ ஒரு முறை நடந்த விந்தை அல்ல. 1975 ஆகஸ்ட் 14 அன்று ஹாம்ஸ்டெட்டில் சுமார் இரண்டரை மணி நேரத்தில் 170.8 மில்லிமீட்டர் மழை கொட்டியது.

2021 ஜூலை மாதம் இதே கதை இரண்டு முறை நடந்தது. 12ஆம் தேதி கென்சிங்டன், வெஸ்ட்மின்ஸ்டர், கேம்டன் பகுதிகள் மூழ்கின. 25ஆம் தேதி கிழக்கு லண்டன் மூழ்கியது. நியூஹாம் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தண்ணீர் புகுந்தது. லெய்டன்ஸ்டோனில் உள்ள விப்ஸ் கிராஸ் மருத்துவமனையில் மின்சாரம் தடைபட்டு, சுமார் 100 நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. புடிங் மில் லேன் ரயில் நிலையத்தின் உள்ளே தண்ணீர் தேங்கிய படங்கள் உலகெங்கும் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் அந்த மாதத்தில் பாழாயின. நோயாளியை ஏற்க வேண்டிய மருத்துவமனையே நோயாளிகளை வெளியே அனுப்பும் நிலை வந்தால், அந்த நகரத்தின் கடைசி அரண் தீயணைப்புப் படைதான். அந்தப் படை அன்று இறங்கியது. சட்டம் கட்டாயப்படுத்தியதால் அல்ல, மனிதாபிமானத்தால்.

புயல் காற்றும் இதே படையைத்தான் அழைக்கிறது. 1987 அக்டோபர் 15 நள்ளிரவு தொடங்கி மறுநாள் விடியும்வரை வீசிய பெரும் புயலில் பிரிட்டனில் 18 பேர் இறந்தனர், ஒன்றரைக் கோடி மரங்கள் வீழ்ந்தன, கியூ தாவரத் தோட்டம் மட்டும் சுமார் 700 மரங்களை இழந்தது. 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலுக்காக வானிலை அலுவலகம் லண்டனுக்கு அரிதான சிவப்பு எச்சரிக்கை விடுத்தது. ஓ2 அரங்கின் கூரை கிழிந்தது. வட லண்டனில் கார் மீது மரம் விழுந்து ஒரு பெண் இறந்தார். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில் 550 அழைப்புகள் குவிய, லண்டன் தீயணைப்புப் படை அதைப் பெரும் அசம்பாவிதமாக அறிவித்தது.

இவ்வளவு சுமக்கும் படை வளர்ந்துள்ளதா என்றால், சுருங்கியே உள்ளது. 2014 ஜனவரியில், போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது, லண்டனில் 10 தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிழக்கே சில்வர்டவுனும் போவும், வடக்கே பெல்சைஸும், 1872 முதல் இயங்கிய கிளார்க்கன்வெல்லும் அதில் அடக்கம். 14 தீயணைப்பு வண்டிகளும் 552 பணியிடங்களும் போயின. இன்று நகரத்தில் எஞ்சியிருப்பவை லாம்பெத்தின் நதி நிலையத்தையும் சேர்த்து 103. சட்டக் கடமை ஏன் வேண்டும் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. பணம் குறையும்போது நிர்வாகம் முதலில் காப்பாற்றுவது சட்டம் கேட்பதை. சட்டம் கேட்காததில்தான் கத்தி விழும். படகு, உலர் உடை, ஓடும் நீரில் இறங்கும் பயிற்சி, அந்தப் பயிற்சியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் நேரம் ஆகிய எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. கடமை அல்லாத வேலைக்கு அந்தச் செலவை ஒதுக்குங்கள் என்று எந்தத் தலைமை அதிகாரியும் கருவூலத்திடம் உரிமையோடு கேட்க முடியாது.

தற்போதுள்ள அதிகாரமே போதுமானது, எந்தப் படையும் வெள்ளத்துக்குப் போக மறுத்ததில்லை, உள்ளூர்த் தேவையை உள்ளூரிலேயே முடிவு செய்யட்டும் என்பதே அமைச்சர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் பதில். மறுத்ததில்லை என்பது உண்மை. அது வீரர்களின் பெருமை, அமைச்சகத்தின் சாதனை அல்ல. தீக்கும் இதே வாதத்தைச் சொல்லலாமே. எந்தப் படையும் தீயை அணைக்க மறுத்ததில்லை, ஆனாலும் அதைச் சட்டமாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளத்துக்கு மட்டும் நல்லெண்ணம் போதும் என்பது எந்த நியாயத்திலும் சேராது.

நீர் தேங்குவதைத் தடுக்கும் பொறுப்பும் லண்டனில் சிதறிக் கிடக்கிறது. 2010ஆம் ஆண்டு வெள்ள, நீர் மேலாண்மைச் சட்டப்படி தரை மேல் தேங்கும் நீருக்கு பரோ எனப்படும் 32 உள்ளாட்சிகளும் சிட்டி மாநகரமும் தனித்தனியே பொறுப்பு. கழிவுநீர்க் குழாய் தேம்ஸ் வாட்டரிடம், பெரிய சாலைகள் நகரப் போக்குவரத்துக் கழகத்திடம், நதி சுற்றுச்சூழல் முகமையிடம். மழை பரோ எல்லையைப் பார்த்துப் பெய்வதில்லை. எம்மா ஹோவர்ட் பாய்ட் தலைமையில் 2024 ஜூலையில் வெளிவந்த லண்டன் தட்பவெப்ப ஆய்வு இந்தச் சிதறலைத் தெளிவாகக் குறித்திருக்கிறது.

எச்சரிக்கை இன்னொரு பெரிய ஓட்டை. நதிக்கும் கடலுக்கும் சுற்றுச்சூழல் முகமை தரும் வெள்ள எச்சரிக்கை, தெருவில் தேங்கும் மழைநீருக்கு வீடு வீடாக வருவதில்லை. 2023 முதல் கைப்பேசிக்கு வரும் அரசின் அவசரச் செய்தி ஆங்கிலத்திலும் வெல்ஷ் மொழியிலும்தான் வருகிறது. தமிழோ வங்காளமோ மட்டும் அறிந்த முதியவர் பேஸ்மென்ட் அறையில் தூங்கிக்கொண்டிருந்தால், அலறும் கைப்பேசி அவருக்கு எதைச் சொல்லும்? 2021 செப்டம்பரில் ஐடா புயலின் எச்சம் நியூயார்க்கைத் தாக்கியபோது அங்கே பேஸ்மென்ட் வீடுகளில் மட்டும் 11 பேர் மூழ்கி இறந்தனர். அவர்களில் பலர் குடியேறியவர்கள். அந்த நகரம் இன்று பல மொழிகளில் எச்சரிக்கை அனுப்புகிறது.

பேரிடரில் அரசு விட்டுவைக்கும் இடைவெளியை இதுவரை நிரப்பியவர்கள் அக்கம்பக்கத்தார். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது மீனவர்கள் தங்கள் படகுகளோடு நகருக்குள் வந்து மக்களை மீட்டார்கள். 2017இல் லண்டன் கென்சிங்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கோபுரம் எரிந்தபோது கோயில், மசூதி, தேவாலயம், சமூகக் கூடம் என்று கதவைத் திறந்தவர்கள் அக்கம்பக்கத்து மக்களே. கென்சிங்டன் கவுன்சில் அன்று கடமையில் தவறியதையும் அந்த இடத்தைத் தன்னார்வக் குழுக்கள் நிரப்பியதையும் 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை பதிவு செய்துள்ளது. லண்டன் தமிழர்களின் கோயில்களிலும் மண்டபங்களிலும் பெரிய சமையலறையும் இடமும் உண்டு, சமைத்துப் பரிமாறப் பழகிய கைகளும் உண்டு. எந்த முதியவர் எந்தத் தெருவில் தனியே இருக்கிறார் என்பது கவுன்சிலின் பட்டியலைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2004ஆம் ஆண்டுச் சமூக அவசரகாலச் சட்டத்தின் விதிகள் தன்னார்வ அமைப்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று சொல்கின்றன. புயல் வந்த பிறகு நன்றி சொல்வது கருத்தில் கொள்வதாகாது. ஒவ்வொரு பரோவின் அவசரத் திட்டத்திலும் இந்த இடங்கள் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும், பயிற்சிக்கு அழைக்கப்பட வேண்டும், செலவும் தரப்பட வேண்டும். ஆனாலும் ஒரு மண்டபம் சோறு போடலாம், போர்வை தரலாம். மார்பளவு கழிவுநீரில் இறங்கி ஒருவரைத் தூக்கிவரும் வேலையை அதன் தலையில் கட்டக் கூடாது.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 9ஆம் பிரிவின் கீழ் அமைச்சர் ஓர் ஆணையைப் பிறப்பித்து, வெள்ள மீட்பைப் பட்டியலில் சேர்க்கலாம். வேல்ஸ் செய்தது அதுதான். 2025 ஏப்ரல் முதல் தீயணைப்புப் பணிகள் உள்துறையிடமிருந்து வீட்டுவசதி, சமூகங்கள், உள்ளாட்சி அமைச்சகத்துக்கு மாறியிருக்கின்றன. எனவே கவுன்சில்களும் படைகளும் இப்போது ஒரே அமைச்சரின் கீழ் இருக்கின்றன. இரண்டு துறைகளுக்கிடையே கோப்பு அலைகிறது என்ற சாக்குக்கும் இடமில்லை. ஆணையோடு அதற்குரிய நிதியும், லண்டன் மேயர் வழியாக நகரப் படைக்கு வெள்ள மீட்புக் குழுக்களும் வர வேண்டும். வாசகர்கள் தத்தம் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் லண்டன் சபை உறுப்பினருக்கும் இதை எழுதிக் கேட்க வேண்டும், எழுத்தில் பதிலும் பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈஸ்ட்ஹாம், லண்டன்.