நாங்களும் மாணவரே!

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் ஆண்டு விழாவில் அறிஞர் ஒருவர் நல்லதோர் உரை ஆற்றினார். பேச்சின் நடுவே, செவிலியர் பட்டப்படிப்புப் பயிலும் எங்கள் பக்கம் திரும்பினார். “வெள்ளுடை தரித்த தேவதைகள்! தியாகத்தின் திருவுருவங்கள்!” என்று புகழ்ந்தார். அவை கை தட்டி ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தில்தான் நான் விழித்துக்கொண்டேன்.

ஆம், தோழர்களே! மூன்றாம் வரிசையில் ஒரு தேவதை வாய் திறந்தபடி உறங்கிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து, காலை எட்டு மணிக்கு வெளியே வந்து, குளித்தும் குளியாமலும் ஒன்பதரை மணி வகுப்புக்கு ஓடி, மாலையில் நேரே விழாவுக்கு வந்தவள் நான். அந்த அறிஞர் என்னைப் பொறுத்தருள்வாராக!

உறக்கம் கலைந்த பின் ஓர் எண்ணம் பிறந்தது. அன்று மேடையில் பொறியியல் மாணவரைப் பற்றிப் பேசியபோது அவருடைய அறிவைப் பாராட்டினார்கள். சட்டம் பயில்வோரைப் பற்றிப் பேசியபோது அவருடைய வாதத் திறனைப் பாராட்டினார்கள். எங்களைப் பற்றிப் பேசியபோது மட்டும் எங்கள் தியாகத்தைப் பாராட்டினார்கள். எங்கள் படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. இதைப் பற்றியே இந்த இதழில் நான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

“நர்சு படிப்புதானே! அதில் என்ன கடினம்?” என்று கேட்கும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் படிப்பு நான்கு ஆண்டு. 2021-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகளின்படி எட்டுப் பருவங்கள். உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல், நோயியல், உளவியல், சமூகவியல் ஆகியவை அடித்தளம். அதன்மேல் மருத்துவ, அறுவை நோயாளர் பேணல், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம் ஆகியவை எழுகின்றன. எட்டாம் பருவம் மருத்துவமனையிலும் மக்களிடையேயும் உள்ளுறைப் பயிற்சியாகவே கழிகிறது. பெரும்பாலான பாடங்களில் தேறுவதற்கு நூற்றுக்கு ஐம்பது வேண்டும். பாட வகுப்புக்கு எண்பது விழுக்காடு வருகை வேண்டும். பட்டம் பெறுமுன் வார்டுப் பயிற்சிக்கோ நூற்றுக்கு நூறு! காய்ச்சலில் கிடந்த நாளையும், பாட்டி இறந்து ஊருக்குப் போன நாளையும் பின்னர் ஒரு விடுமுறையில் உழைத்து ஈடு செய்தாக வேண்டும். எழுபத்தைந்து விழுக்காட்டை எட்ட முடியாமல் முதல்வர் அறை வாயிலில் மன்னிப்புக் கடிதத்தோடு நிற்கும் தோழர்களே, இந்த நூற்றுக்கு நூறைச் சற்று எண்ணிப் பாருங்கள்!

இந்தக் கடுமை வேண்டா என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் நாடியை நூலில் பார்த்துக் கற்க இயலாது. கட்டில் அருகே நின்றுதான் கற்க வேண்டும். ஓர் உயிரை நம்பி நம் கையில் ஒப்படைக்கிறார்கள். அந்தக் கை பழகிய கையாக இருக்க வேண்டாமா? ஆகவே, பாடத்தைக் குறையுங்கள் என்பதோ, தேர்வை எளிதாக்குங்கள் என்பதோ என் வேண்டுகோள் அன்று. கடுமை வேறு, கொடுமை வேறு. கற்பதற்காகப் படும் பாடு கடுமை. கற்க விடாமல் படுத்தும் பாடு கொடுமை.

எனக்கு நேர்ந்த ஒன்றைக் கூறுகிறேன். மூன்றாம் ஆண்டில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பயிற்சி. மருத்துவமனையின் பெயர் இங்கே தேவையில்லை. மாணவியராகிய நாங்கள் கூடுதலாக நிற்க வேண்டியவர்கள். ஆனால் ஆள் குறைவால் பணியாளர் கணக்கிலேயே சேர்ந்துவிட்டோம். தொடர்ந்து நான்காம் இரவு. பகலில் வகுப்பு, வகுப்பு முடிந்தால் நோயாளி பற்றிய குறிப்பேடு எழுதும் வேலை. விடியற்காலை நான்கு மணிக்குச் சிறுநீர் அளவுகளைக் குறித்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டாம் கட்டில் நோயாளியின் அளவைப் பதின்மூன்றாம் கட்டில் தாளில் எழுதிவிட்டேன். எழுதியது தெரியாமலே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

மூத்த செவிலியர் ஒருவர் தாளைப் பார்த்தார். “இவருக்குக் குழாயே வைக்கலையே மோளே, பை அளவு எங்கேயிருந்து வந்தது?” என்று கேட்டார். என் உடல் நடுங்கிவிட்டது. பன்னிரண்டாம் கட்டிலில் இருந்தவர் சிறுநீரக நோயாளி. அவர் தாளில் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. காலையில் மருத்துவர் வந்து அதைப் பார்த்து என்ன முடிவு செய்திருப்பார்? அந்த அம்மையார் என்னைத் திட்டவில்லை. “போய் முகம் கழுவிட்டு வா” என்றார். முகம் கழுவினேன். கண்ணீரையும் சேர்த்துத்தான் கழுவினேன்.

பிழை என்னுடையது. அதை எவர் தலையிலும் சுமத்த மாட்டேன். ஆனால், நான்காம் இரவில் கண் மூடாமல் நின்ற மாணவியைத் தியாகி என்று புகழ்ந்தால் பன்னிரண்டாம் கட்டில் நோயாளிக்கு என்ன பயன்? அவருக்குத் தேவை என் தியாகம் அன்று, என் விழிப்பு!

நாங்கள் இவ்வாறு சொன்னால் மூத்தோர் சிலர், “நாங்களும் இப்படித்தான் படித்தோம்” என்பார்கள். உண்மைதான். இந்தத் தொழில் நம் நாட்டில் தொண்டாகத்தான் தொடங்கியது. திருவிதாங்கூர் அரசின் மருத்துவமனைகளில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த துறவியர் செவிலியராக உழைத்தனர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியபோதும் தொண்டுள்ளமே அதன் அடிப்படை. அந்தப் பெருமக்களை வணங்குகிறேன். ஆயினும், 1946-இல் வேலூரிலும் டில்லியிலும் செவிலியர் பட்டப்படிப்புத் தொடங்கிய அன்றே ஒன்று முடிவாகிவிட்டது. இது தொண்டு மட்டும் அன்று; பல்கலைக்கழகத்தில் வைத்துக் கற்பிக்க வேண்டிய கல்வி என்பதே அந்த முடிவு. அதே ஆண்டில் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலான குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர் என்ற அவல நிலையை அது எடுத்துக்காட்டியது. அந்த நிலையிலிருந்து நாடு நெடுந்தொலைவு வந்துவிட்டது. எண்ணிக்கை உயர்ந்தது. மதிப்பு உயர்ந்ததா?

பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையாரை அனைவரும் அறிவர். எதற்காக அறிவர்? கையில் விளக்கோடு இரவில் நடந்தார் என்பதற்காக. அவர் போர்க்களத்தில் இறந்தோரின் எண்ணிக்கையைத் திரட்டி, காயத்தால் இறந்தவர் சிலர், தடுக்கக்கூடிய நோயால் இறந்தவரே பலர் என்பதை வரைபடமாகத் தீட்டி ஆட்சியாளரின் கண்ணைத் திறந்தார். 1860-இல் இலண்டனில் செவிலியர்க்கென ஒரு பள்ளியே கண்டார். விளக்கை நினைவில் வைத்த உலகம், வரைபடத்தை மறந்துவிட்டது! எங்கள் கதையும் அதுவே.

அவருடைய நாட்டிலேயே நெடுங்காலம் மாணவியர் வார்டின் மலிவான உழைப்பாகத்தான் இருந்தனர். 1986-இல் ‘புராஜெக்ட் 2000’ என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. பயிலும் காலத்தில் மாணவரைப் பணியாளர் எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது, அவர் கற்க வந்தவர் என்பது அதன் முதன்மையான கொள்கைகளுள் ஒன்று. அங்கே எண்ண முடிந்ததை இங்கே எண்ண முடியாதா?

வெளிநாட்டுக்குப் போவானேன்? நம் வள்ளுவர் என்ன சொன்னார்? ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு. தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. அருகிருந்து பேணும் ‘உழைச்செல்வான்’ ஒரு கூறு. பேணுபவனை அவர் தேவன் என்று போற்றவில்லை. தியாகி என்று புகழவும் இல்லை. மருத்துவத்தில் நாலில் ஒரு பங்கு என்று கணக்கில் வைத்தார். புகழ்ச்சியைவிடக் கணக்கு பெரிது, தோழர்களே! எங்களை அந்தக் கணக்கில் வையுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இனி, நம் ஊர்ச் செய்தி ஒன்று. திருவனந்தபுரம் மருத்துவமனைகளின் நகரம். 1951-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, சித்திரைத் திருநாள் பெயர் தாங்கிய ஆய்வு நிலையம், வட்டாரப் புற்றுநோய் மையம் ஆகியவற்றை நாடிக் குமரியிலிருந்தும் நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் நம் மக்கள் நாள்தோறும் வருகிறார்கள். நான் பயிற்சிக்கு நின்ற வார்டு ஒன்றில் தென்காசிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் இருந்தார். மலையாளம் மட்டுமே அறிந்த என் வகுப்புத் தோழி அன்போடு குனிந்து, “பனி உண்டோ அம்மா?” என்று கேட்டாள். பாட்டி, “பனி ஏது தாயி? வெயில்லா கொளுத்துது!” என்றார். தோழி அவர் சிரிப்பைப் பார்த்து, ‘இல்லை’ என்று குறிக்கப் போனாள். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது நமக்குத் தெரியும்; பாட்டிக்குத் தெரியுமா? வெப்பமானி வைத்துப் பார்த்தோம். 102 பாகை!

அன்று முழுவதும் நாங்கள் சிரித்தோம். இரவில் எண்ணியபோது சிரிப்பு வரவில்லை. வார்டில் தமிழ் பேசும் மாணவி ஒருத்தி இருந்தால், “எம்மா, நீ நம்ம ஊரா?” என்று கேட்டு ஒவ்வொரு கட்டிலிலிருந்தும் ஒரு கை நீளுகிறது. அந்தக் கையைப் பற்றுவதில் எனக்குள்ள மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால், இது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத வேலை. என் கட்டில்கள் ஆறு. மொழிபெயர்க்க அழைக்கும் கட்டில்கள் அறுபது.

ஆகவே, என் கருத்தை மூன்றாகச் சொல்லி முடிக்கிறேன். முதலாவது, இரவுப் பயிற்சி முடித்த மாணவருக்கு அன்று பகலில் வகுப்புக் கூடாது. உறக்கம் சலுகை அன்று, நோயாளிக்குரிய காப்பு. இரண்டாவது, மாணவரை வார்டின் ஆள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர் அருகே கற்பிக்க ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும். இவ்விரண்டையும் கல்லூரிகளிடம் கேட்கிறேன். மூன்றாவதை உங்களிடம் கேட்கிறேன்.

நம் மன்றம் ஒரு சிறு சொற்பட்டியலை உருவாக்கட்டும். நோயாளி சொல்லும் தமிழ்ச் சொல் ஒரு பக்கம். அதற்குரிய மலையாளச் சொல் மறு பக்கம். பனி, வெள்ளம் போன்று ஒலி ஒன்றாகி, பொருள் வேறாகும் சொற்களைத் தனியே தரட்டும். தமிழ் இலக்கியம் பயில்வோரே, இது உங்களுக்குரிய பணி அன்றோ? நான்கு தாளில் அடங்கும் அந்தப் பட்டியல் ஒவ்வொரு வார்டு மேசையிலும் இருக்குமானால், நாம் நடத்தும் பத்துப் பட்டிமன்றங்களைவிட அது தமிழுக்கும் தமிழர்க்கும் பயன் தரும்.

2018-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள், கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்த லினி என்னும் செவிலியர் அதே நோய்க்கு இரையானார். நாடே கண்ணீர் சிந்தியது. சிந்த வேண்டிய கண்ணீர்தான். ஆனால், இறந்த செவிலியர்க்கு மலர் தூவும் கைகள், படிக்கும் செவிலியர்க்கு ஒரு நாற்காலியும் ஒரு நூலக இருக்கையும் ஓர் இரவு உறக்கமும் தரவும் நீள வேண்டும்.

அடுத்த ஆண்டு விழாவுக்கும் வருவேன். எங்களைத் தேவதைகள் என்று அழைக்க வேண்டா. மேடையில் பத்து மணித்துளி கொடுங்கள். மருந்தின் அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது, ஒரு காய்ச்சல் எப்படி ஊரெல்லாம் பரவுகிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்கிறோம். அன்று நீங்கள் கை தட்டினால், அந்த ஓசை கேட்டு நான் விழிக்க வேண்டியிராது. விழித்தே இருப்பேன்.