ரிவால்வர் வாங்க நினைப்பவருக்கு

போன வாரம் ஆபீசில் எனக்கு ஜூனியராக இருந்தவர் போன் செய்தார். அவரும் இப்போது ரிடையர் ஆகிவிட்டார். "அண்ணே, குறி பார்த்துச் சுடப் பழகலாம்னு ஆசை. பென்ஷன் பணம் கொஞ்சம் இருக்கு. எந்த ரிவால்வர் வாங்கலாம்?" என்றார். கலெக்டர் ஆபீசில் துப்பாக்கி லைசென்ஸ் சீட்டைச் சில வருடம் பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டார். நான் ஃபைல் எழுதியவன்தான், சுட்டவன் அல்ல. ஆனாலும் அபிப்பிராயம் உண்டு. வாங்க வேண்டாம் என்பதே அது.

நம் நாட்டில் லைசென்சுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். 2014-ல் பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்று ஒன்று வந்தது. அரைக் கிலோ எடை, விலை ஒரு லட்சத்துக்கு மேல். கைப்பையில் வைக்கச் சரி, குறிப்பலகைக்குச் சரிப்படாது. குழல் குட்டையானால் முன் குறியும் பின் குறியும் நெருங்கிவிடும். கை மயிரிழை அசைந்தாலும் 25 மீட்டரில் பெரிய தவறாகிவிடும். விசையை இழுக்கும்போதே உருளை சுழன்று சுத்தியலும் பின்னால் போக வேண்டும். அந்த நீண்ட, கனமான இழுப்பிலேயே குறி கலைந்துவிடும். கட்டைவிரலால் சுத்தியலை முன்பே பின்னுக்கு இழுத்து வைத்தால் தேவலை. குண்டின் மேல் குற்றமில்லை. இதே .32 ரகத்தை வெளிநாட்டில் போட்டிகளிலும் சுடுகிறார்கள், ஆனால் அதற்கென்றே செய்த கனமான கைத்துப்பாக்கியில்.

ஒலிம்பிக்கிலும் இன்று ரிவால்வர் கிடையாது. 2012 லண்டனில் விஜய் குமார் வெள்ளி வென்றது .22 பிஸ்டலில். 2024 பாரிசில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது 10 மீட்டர் ஏர் பிஸ்டலில். அந்தக் குறிப்பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான். அதை அடிப்பவன் எதையும் அடிப்பான். .177 அளவில் 20 ஜூல் சக்திக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு 2016 விதிப்படி லைசென்ஸ்கூட வேண்டாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த காலத்தில், ஓய்வுபெற்ற சொல்தாக்கள் சாயங்காலம் மண்ணில் பெத்தாங்க் ஆடுவார்கள். எந்தக் கம்பெனி இரும்புக் குண்டு என்று யாரும் கேட்டதில்லை. மணிக்கட்டைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சீட்டுக்கு வந்தவை பெரும்பாலும் பயிரைப் பன்றியிடமிருந்து காக்க நாட்டுத்துப்பாக்கி கேட்ட மனுக்கள். ரிவால்வர் மனுக்கள் சொற்பம். அப்படி லைசென்ஸ் பெற்ற ஒருவரின் மனைவி, ரிவால்வரை ஒப்படைக்க எங்கே போவது என்று கேட்டு ஒருநாள் வந்தார். "இது வீட்ல இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது சார்" என்றார். கணவர் எப்படி இறந்தார் என்பது ஃபைலில் இருந்தது. நான் அதற்குமேல் கேட்கவில்லை.

ஜூனியர் வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். ஆறு மாதம் ரைபிள் கிளப்பில் ஏர் பிஸ்டல் சுடட்டும், ஆசை அப்போதும் குறையாவிட்டால் மனுவை நானே எழுதித் தருகிறேன் என்றேன். "உங்க கையெழுத்து யாருக்குண்ணே புரியும்?" என்று சிரித்தார்.